சித்தப்பா பார்த்த பாட்டில்கள்

எங்கள் வீட்டில் தாகம் எடுத்த உடனே தண்ணீர் குடித்துவிட முடியாது. சித்தப்பா பக்கத்தில் இருந்தால் டம்ளர் முதலில் அவர் கைக்குப் போகும். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். ஒரு சுற்று சுற்றுவார். அடியைப் பார்ப்பார். விளிம்பில் கட்டைவிரலை ஓட்டுவார். அப்புறம்தான் "ம், குடி" என்பார். அதற்குள் தாகம் தானாகவே அடங்கியிருக்கும். பல்பு, முட்டை, மூக்குக் கண்ணாடி, காலியான ஜாம் பாட்டில், எதையும் விடமாட்டார்.

"டம்ளரைப் பார்த்ததுல பாதி என்னைப் பார்த்திருந்தா நான் எப்பவோ அழகியாகியிருப்பேன்" என்பாள் சித்தி, தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே.

"உன்கிட்ட குறை இல்ல. பார்க்க என்ன இருக்கு?" என்பார் சித்தப்பா. அது பாராட்டா திட்டா என்று சித்திக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஒரு நாள் டம்ளரின் வெளிப்பக்கம் என் தலைமுடி ஒன்றை எச்சில் தொட்டு ஒட்டிவைத்தேன். பார்த்தால் அச்சு அசல் விரிசல். அவர் டம்ளரைத் தொடக்கூட இல்லை. "முடியை எடு வாலு. விரிசல்னா வெளிச்சம் உடையும். முடின்னா சும்மா மறைக்கும்" என்றார். அதற்கப்புறம் கண்ணாடிப் பேப்பர், பசை, சோப்பு நுரை என்று என்னென்னவோ செய்து பார்த்தேன். ஒன்றும் பலிக்கவில்லை.

சித்தப்பாவுக்கு மருந்து பாட்டில் செய்கிற தொழிற்சாலையில் வேலை. என்ன வேலை என்றால், பார்ப்பது. முழு வேலையும் அவ்வளவுதான். உயரமான ஸ்டூல் ஒன்று. எதிரே உள்ளே ட்யூப்லைட் எரிகிற வெள்ளைப் பலகை. அந்த வெளிச்சத்துக்கு முன்னால் பெல்ட்டின் மேல் பழுப்பு நிற பாட்டில்கள் ஒற்றை வரிசையில் போய்க்கொண்டே இருக்கும். குமிழி உள்ளது, கீறல் உள்ளது, கண்ணாடிக்குள் மணல் மாட்டியது, இதையெல்லாம் கையால் பொறுக்கி, பக்கத்துச் சுவரில் இருக்கும் பொந்தில் போடவேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் அரைவை மெஷின். "சளீர்" என்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தில் அவருக்கு ஒரு சந்தோஷம். நாள் முழுக்கப் பழுப்பையே பார்த்துவிட்டு வெளியே வந்தால் ரோடு, பஸ், என் முகம் எல்லாம் லேசாக நீலமாகத் தெரியுமாம். தொழிற்சாலையில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். அதை ஒரு பட்டம் மாதிரி வைத்துக்கொண்டிருந்தார்.

இந்த வேலைக்கு முன்னால் அவர் எதிலும் ஒட்டவில்லை. செருப்புக்கடையில் நின்றார். சினிமா கொட்டகையில் டிக்கெட் கிழித்தார். பெயின்ட் அடிக்கிறவர்களுக்கு ஏணி பிடித்தார். எங்கேயும் யாரும் விரட்டவில்லை, அவராகவே ஒரு நாள் போகாமல் இருந்துவிடுவார். ஏன்டா என்று கேட்டால், "நான் பிடிக்காட்டியும் ஏணி நிக்குதே" என்பாராம். இதை என் அப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அப்பாவும் அம்மாவும் தொலைவில் ஒரு ஓட்டலில் வேலை செய்துகொண்டு எப்போதாவது வந்து தலைகாட்டுகிறவர்கள். என்னை வளர்த்தது சித்தப்பாவும் சித்தியும்தான்.

பாட்டில் வேலைக்குப் போன முதல் நாள், அப்போதிருந்த சூப்பர்வைசர் அவரிடம், "இதுல இருமல் மருந்து ஊத்துவாங்க. ஒரு துணுக்கு உள்ள உடைஞ்சு விழுந்தா, எங்கயோ ஒரு பிள்ளை தொண்டைக்குள்ள போகும். அதைத் தடுக்கறவன் நீதான், பார்த்துக்கோ" என்று சொல்லியிருக்கிறார். பஸ் கண்டக்டர் உள்ளே போங்க என்று சொல்வது மாதிரி, புதிதாக வருகிற எல்லாரிடமும் அவர் சொல்கிற வசனமாகத்தான் இருக்கும். சொன்னவர் டீ குடிக்கப் போயிருப்பார். சித்தப்பா அன்றைக்கு வீட்டுக்குத் தனியாக வரவில்லை. அந்தப் பிள்ளையும் கூடவே வந்துவிட்டது.

நான் அந்தப் பிள்ளையோடுதான் வளர்ந்தேன். சித்தப்பா காய்ச்சலோடு வேலைக்குக் கிளம்புவார். "ஒரு நாள் படுத்தாத்தான் என்ன?" என்று சித்தி மறிப்பாள். "எனக்கு மாத்திரை இருக்கு. அதுக்கு யாரு இருக்கா?" என்பார். அது என்றால் அந்தப் பிள்ளை. "உங்க இருமல் பிள்ளைக்கு இன்னும் சளி போகலையா? வயசு இருபது ஆகியிருக்குமே, ஒரு கல்யாணத்தைப் பண்ணி வையுங்க" என்று சித்தி வம்புக்கு இழுப்பாள். அவர்களுக்குப் பிள்ளை கிடையாது. அதைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சே வராது. இந்தப் பிள்ளையைப் பற்றி மட்டும் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம்.

முன்பெல்லாம் ஸ்டூலில் ஒரே ஆளை ரொம்ப நேரம் உட்காரவிட மாட்டார்கள். கண் சொக்கிவிடும் என்று மாற்றாள் ஒருவர் வருவார். அதோடு, சூப்பர்வைசர் அவ்வப்போது சொல்லாமல் கொள்ளாமல் கெட்ட பாட்டில்களை வரிசையில் கலந்துவிடுவார். அத்தனையும் பிடிபடுகிறதா என்று பரீட்சை. சில வருஷங்களுக்கு முன்னால் பரீட்சை நின்றது. கொஞ்ச நாளில் மாற்றாளையும் வேறு பிரிவுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றைக்குச் சித்தப்பா ஒரு கேக் வாங்கிக்கொண்டு வந்தார்.

"என்ன விசேஷம்?" என்றாள் சித்தி.

"இனிமே எனக்குப் பரீட்சை கிடையாது. மாத்தாளும் வேண்டாம்னுட்டாங்க. என் கண்ணு மேல அவ்வளவு நம்பிக்கை."

சித்தி கேக்கை வெட்டுவதற்கு முன்னால் அதையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினாள். மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

பள்ளிக்கூடமும் நானும் ஒத்துப்போகாமல் பிரிந்த பிறகு, அதே தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் எனக்கும் வேலை கிடைத்தது. நல்ல பாட்டில்களை அட்டைப் பெட்டியில் அடுக்குவது. எங்களுக்கு முன்னால், ரப்பர் திரை போட்ட ஒரு பெரிய மெஷின். பாட்டில்கள் அதற்குள் போய் வெளியே வரும். நடுநடுவே "புஸ்" என்று காற்று அடிக்கும். அது பாட்டிலின் வாய் அகலத்தை அளக்கிற மெஷின் என்று சித்தப்பா சொல்லியிருந்தார். அவருக்கு அப்படித்தான் சொல்லியிருந்தார்கள்.

ஒரு நாள் காலையில் அரைவை மெஷின் பழுதாகி நின்றது. பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. டீ குடிக்கக் கூப்பிடலாம் என்று நான் சித்தப்பாவிடம் போனபோது, அவர் பொந்துக்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு நின்றார்.

"என்ன சித்தப்பா, சுவர் ஏதாவது சொல்லுதா?"

"சத்தமே வரல. குவிஞ்சு அடைச்சுக்கிச்சு போல. வா, பார்ப்போம்."

இரண்டு பேரும் சுவரைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனோம். அங்கே குவியல் ஒன்றும் இல்லை. அரைவை மெஷின் அந்த இடத்திலேயே இல்லை. அதை எப்போதோ ரப்பர் திரை மெஷினுக்குப் பின்னால் நகர்த்தியிருந்தார்கள். இத்தனை நாளும் கேட்ட "சளீர்" அங்கிருந்து வந்ததுதான். பொந்திலிருந்து ஒரு தகரச் சரிவு இறங்கியது. சரிவின் முடிவில் குட்டி பெல்ட் ஒன்று. அது வளைந்து போய்ப் பெரிய பெல்ட்டோடு சேர்ந்தது. சித்தப்பா கடைசியாகத் தூக்கிப்போட்ட பாட்டில், தோளில் பட்டாணி அளவு குமிழியோடு, நல்ல பாட்டில்களுக்கு நடுவில் நிமிர்ந்து போய்க்கொண்டிருந்தது. கல்யாணத்துக்கு அழைக்காமல் வந்தவன் பந்தியில் உட்கார்ந்த மாதிரி.

சித்தப்பா அதன் கூடவே நடந்தார். அது ரப்பர் திரைக்குள் போனது. "புஸ்" என்றது. பாட்டில் பக்கவாட்டில் ஒரு தொட்டியில் விழுந்தது.

சூப்பர்வைசர் நல்ல மனிதர். அதுதான் தொந்தரவு. கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்திருக்கலாம். அவர் அறைக்குப் போன சித்தப்பாவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் வாசலில் நின்றேன்.

"சார், பொந்துல போடறது திரும்ப பெல்ட்டுக்கே வருது. யாரோ கவனிக்காம விட்டிருக்காங்க."

"இல்லண்ணே. அது அப்படித்தான் வெச்சிருக்கோம்."

"எப்படி?"

"அந்த மெஷினுக்குள்ள கேமரா இருக்கு. எல்லாத்தையும் அதுவே பார்த்துடும். நீங்க எடுத்தாலும் ஒண்ணுதான், எடுக்காட்டியும் ஒண்ணுதான்."

"வாய் அகலம் பார்க்கற மெஷின்னு சொன்னீங்களே."

"வாயையும் பார்க்குது."

சித்தப்பா கொஞ்ச நேரம் தன் கைகளையே பார்த்தார். "எப்பத்திலேர்ந்து சார்?"

"வந்த நாள்லேர்ந்து. பரீட்சையெல்லாம் நிறுத்தினோமே, அப்பத்திலேர்ந்து."

"அப்ப நான் எதுக்கு?"

"பாட்டில் வாங்கற கம்பெனிக்காரங்க சுத்திப் பார்க்க வருவாங்க இல்ல. ஒரு ஆள் உட்கார்ந்து கண்ணால பார்க்கறாருன்னா அவங்களுக்கு ஒரு திருப்தி. உங்களை வெளிய அனுப்ப எனக்கும் மனசு வரல. ரிட்டயர் ஆகற வரைக்கும் நிம்மதியா உட்காருங்கண்ணே. வேணும்னா ஸ்டூலுக்கு ஒரு மெத்தை போடச் சொல்றேன்."

"கூட்டற வேலை ஏதாவது குடுங்க சார்."

"அதுக்கு கான்ட்ராக்ட் ஆளுங்க இருக்காங்களே."

மறுநாளே மெத்தை வந்துவிட்டது. நல்ல மனிதர் என்று சொன்னேனே.

பேக்கிங்கில் எனக்குப் பக்கத்தில் அடுக்குகிற அக்காவிடம் கேட்டேன். "எல்லாருக்கும் தெரியும்டி" என்றாள். "யார் போய் அந்த மனுஷன்கிட்ட சொல்றது? அவர் உட்கார்ந்திருக்கற அழகைப் பார்த்தா வாய் வருமா?" துணிக்கடை வாசலில் சேலை கட்டி நிற்கவைக்கிற பொம்மை ஞாபகம் வந்தது. இதை வேறு யாரைப் பற்றியாவது நினைத்திருந்தால் உடனே சொல்லி நாலு பேரைச் சிரிக்கவைத்திருப்பேன்.

வீட்டில் சித்தப்பா விஷயத்தைச் சொன்னபோது சித்தி தையல் மெஷினை நிறுத்தவில்லை. "சம்பளம் வருதில்ல? சும்மா உட்கார்ந்து வர்றதுக்குச் சம்பளம்னா ஊர்ல பாதிப்பேர் வரிசையில நிப்பாங்க" என்றாள்.

"ஆமா" என்றார் சித்தப்பா.

அவர் எதிர்த்துப் பேசியிருந்தால் சித்தி சமாளித்திருப்பாள். அந்த "ஆமா"வை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. மெஷினை மிதித்துக்கொண்டே இருந்தாள். நான் கிட்டே போய்ப் பார்த்தேன். ஊசியில் நூலே இல்லை. துணி நெடுக வெறும் ஓட்டை.

அந்த வாரம் ஒரு டம்ளரில் தலைமுடியை ஒட்டி அவர் கையில் கொடுத்தேன். அவருக்குக் கோபம் வரட்டும், திட்டட்டும் என்றுதான். மடமடவென்று குடித்தார். முடி உதட்டில் ஒட்டியது. விரலால் எடுத்துப் போட்டுவிட்டு டம்ளரைத் திருப்பித் தந்தார். வம்பு செய்வதில் இப்படியும் ஒரு தோல்வி இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஒரு நாள் சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில், "இன்னிக்கு ஒண்ணுகூட எடுக்கல" என்றார்.

"சரி."

"ஒண்ணும் ஆகல."

மறுநாள் நல்ல பாட்டில்களாகப் பொறுக்கிப் பொந்தில் போட்டுப் பார்த்திருக்கிறார். அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. ஏன் என்று கேட்கக்கூட யாரும் வரவில்லை.

அப்புறம் அவர் வேறு வேலை தேடினார். சம்பளத்துக்கு இல்லை. எங்கள் தெருமுனையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ரோடு தாண்டுகிற இடத்தில், காலையில் ஷிப்டுக்கு முன்னால் போய் நின்றார். கையை நீட்டி வண்டிகளை மறித்தார். அங்கே சிவப்பு, பச்சை எல்லாம் ஒழுங்காக எரிகிற சிக்னல் இருக்கிறது. பள்ளிக்கூடத்துக் காவல்காரரும் இருக்கிறார். ஒரு பொடிப்பயல், "தள்ளி நில்லுங்க தாத்தா, இன்னும் பச்சை விழல" என்று அவர் கையைப் பிடித்து ஓரமாக நிறுத்தினான். மறுநாளிலிருந்து சித்தப்பா அந்தப் பக்கம் போகவில்லை.

சித்தி தைத்து முடித்த துணிகளைச் சரிபார்க்கிறேன் என்றார். ஒவ்வொரு பேன்ட்டையும் ஜன்னலில் பிடித்துக்கொண்டு மடிப்புத் தையலை எண்ணிக்கொண்டிருப்பார். வாங்க வந்தவர்கள் வாசலில் காத்துக் கிடப்பார்கள். சித்தி பொறுத்தாள். அது எனக்கே ஆச்சரியம், ஏனென்றால் சித்தி பஸ்ஸுக்குக்கூடப் பொறுக்கமாட்டாள்.

"ஒரு தையல்கூட தப்பல" என்றார் சித்தப்பா, ஏதோ நஷ்டம் வந்த மாதிரி.

"தப்பா தைச்சுத் தரட்டுமா?" என்றாள் சித்தி.

அவள் கேலி செய்யவில்லை. அவர் சரி என்றிருந்தால் தைத்திருப்பாள். அவருக்கும் அது புரிந்தது. கையிலிருந்த பேன்ட்டை மடித்து மேசைமேல் வைத்துவிட்டு, வாசலில் நின்றவரிடம் "எடுத்துட்டுப் போங்க" என்றார்.

கேமராவைப் பார்க்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றியது அதற்குப் பிறகுதான். மெக்கானிக் ரப்பர் திரையைத் தூக்கிக் காட்டினான். உள்ளே ஊதா வெளிச்சம். பாட்டில்கள் சுழன்றுகொண்டே போயின. சித்தப்பா சாப்பாட்டு இடைவேளை முழுக்க அங்கேயே குனிந்து நின்றார். அவர் அப்படிப் பார்ப்பதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் நம்பிக்கைகூட வந்தது. மெஷின் எதையாவது கோட்டைவிடும், இவர் லபக்கென்று பிடிப்பார் என்று காத்திருந்தேன்.

அவர் ஒதுக்கல் தொட்டியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கு அது நல்ல பாட்டிலாகத்தான் தெரிந்தது. அவருக்கும் முதலில் அப்படித்தான் தெரிந்திருக்கிறது. ரொம்ப நேரம் கழித்து, கழுத்தில் மூடி திருகுகிற மரைக்குக் கீழே ஒரு இடத்தில் நகத்தை வைத்தார். மயிரிழையில் பாதி அளவுக்கு ஒரு விரிசல்.

"இதை நான் விட்டிருப்பேன்" என்றார்.

"சும்மா இருங்க சித்தப்பா."

"இல்ல வாலு. நல்லா பார்க்குது. கண்ணே சிமிட்டல." பாட்டிலைத் தொட்டியில் மெதுவாக வைத்தார். "அப்ப, இது வர்றதுக்கு முன்னால நான் எத்தனை விட்டேனோ."

இத்தனை நாளும் அவர், அந்தப் பிள்ளைக்குத் தான் தேவைப்படவில்லை என்றுதான் வருத்தப்பட்டார். இப்போது தேவைப்பட்ட காலத்திலும் தான் போதவில்லை என்று ஆகிவிட்டது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாமல் இருந்தது. அந்த மெஷின் பக்கத்தில் நின்றபோதுதான் அதற்கு ஏதோ ஆகிவிட்டது. அவர் முகத்தில் அது தெரிந்தது. சித்தி அதற்கப்புறம் ஒரு தடவைகூட இருமல் பிள்ளையின் பேச்சை எடுக்கவில்லை. நான் அவளிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அவளாகவே நிறுத்திக்கொண்டாள்.

போன வாரம் பாட்டில் வாங்குகிறவர்கள் சுற்றிப் பார்க்க வந்தார்கள். சித்தப்பாவுக்குப் புது வெள்ளை கோட்டும் தொப்பியும் கொடுத்தார்கள். பேக்கிங்கில் அடுக்கிக்கொண்டிருந்த எங்களில் சிலரையும், கூட்டம் காட்டுவதற்காக, அந்தப் பக்கம் பெட்டி தூக்கிப் போகச் சொன்னார் சூப்பர்வைசர். அதனால் நானும் பார்த்தேன்.

சித்தப்பா மெத்தை மேல் நேராக உட்கார்ந்திருந்தார். வந்தவர்களில் கண்ணாடி போட்ட அம்மா ஒருத்தி அவர் பக்கத்தில் வந்து நின்றாள். அவர் ஒரு பாட்டிலை எடுத்தார், வெளிச்சத்தில் சுற்றினார், பொந்தில் போட்டார். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எங்கோ "சளீர்" என்றது. அந்த அம்மா தலையாட்டினாள். இன்னொன்றை எடுத்தார், சுற்றினார், போட்டார். கை பழகின கை, அழகாகத்தான் இருந்தது. ஆனால் கண் பாட்டிலில் இல்லை. பலகைக்கு மேலே சுவரில் எங்கேயோ இருந்தது. எனக்கு மட்டும் தெரிந்தது.

"இதுல என்ன குறை?" என்று கேட்டாள் அந்த அம்மா.

"குமிழிங்க" என்றார் சித்தப்பா.

"எனக்குத் தெரியவே இல்லையே. எவ்வளவு கூர்மையான கண்ணு உங்களுக்கு."

"ஆமாங்க."

சூப்பர்வைசருக்கு முகமெல்லாம் பல். எல்லாரும் அடுத்த இடத்துக்கு நகர்ந்தார்கள். சித்தப்பா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். குனிந்து, பலகைக்குக் கீழே இருந்த சுவிட்சைத் தட்டினார். வெளிச்சம் அணைந்தது. பழுப்பு பாட்டில்கள் இருட்டில் கறுப்பாகப் போய்க்கொண்டிருந்தன.

நான் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டே போனேன். "எதுக்கு அணைச்சீங்க?"

"கரண்ட் எதுக்கு வீணா ஓடணும்?"

"யாராவது வந்து கேட்டா?"

"யாரும் வரமாட்டாங்க. நீ போ, உன் வேலையைப் பாரு."

யாரும் வரத்தான் இல்லை. சூப்பர்வைசரே இரண்டு தடவை அந்த வழியாகப் போனார். ஸ்டூலில் ஆள் இருந்தார், அவருக்கு அது போதும்.

நான் பேக்கிங்குக்குத் திரும்பினேன். பாட்டில்கள் ரப்பர் திரையைத் தள்ளிக்கொண்டு வந்தன. ஒன்றை எடுத்து மேலே ட்யூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். ஒரு சுற்று சுற்றினேன். அடியைப் பார்த்தேன். விளிம்பில் கட்டைவிரலை ஓட்டினேன். பெட்டியில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தேன். ஒரே ஒரு குமிழி போதும், ஒரு கீறல் போதும். மெஷின் விட்ட ஒரே ஒரு பாட்டில் கிடைத்தால், அதை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் அவர் மடியில் போட்டுவிடுவேன். அடுக்கவேண்டியவை எனக்கு முன்னால் முட்டிக்கொண்டு குவிந்தன.

"என்னடி தேடற?" என்றாள் பக்கத்து அக்கா.

"ஒண்ணுமில்லக்கா."

அவள் என் பங்கையும் சேர்த்து அடுக்க ஆரம்பித்தாள். சைரன் ஊதுகிற வரைக்கும் பார்த்தேன். கழுத்து நோவெடுத்தது. கண்ணில் தண்ணீர் வந்தது, வெளிச்சத்தையே பார்த்ததால்தான்.

அன்றைக்கு வந்த பாட்டில்கள் எல்லாமே நல்ல பாட்டில்கள்.